சினைப் பசுவின் இயக்குநீர்களும் கன்று வீச்சும்

பசுவின் சினைக்காலம் ஏறத்தாழ 280 நாட்கள். எருமைக்கு 310, வெள்ளாட்டுக்கு 150. இந்தக் கெடுவைக் காப்பது புரோஜெஸ்டிரோன் என்னும் இயக்குநீர். சினைமுட்டை வெளியேறிய இடத்தில், சூலகத்தில் உண்டாகும் மஞ்சள் நிறத் திரள் இதைச் சுரக்கிறது. இது போதிய அளவில் இரத்தத்தில் உள்ளவரை கருப்பை அமைதியாக இருக்கும். அதன் வாய் மூடியிருக்கும். பெண்களுக்கு மூன்றாம் மாதத்திற்குள் நஞ்சுக்கொடியே இவ்வேலையை ஏற்றுக்கொள்கிறது. பசுவிலோ ஐந்தாம் மாதத்திற்குப் பின்னர்தான் நஞ்சுக்கொடி ஓரளவு துணை செய்யும். வெள்ளாட்டுக்குக் கடைசி வரை மஞ்சள் திரளே கதி.

ஈனும் நாளைக் குறிப்பது தாயன்று, வயிற்றிலுள்ள கன்றே. முதிர்ந்த கன்றின் சிறுநீரகத்தை ஒட்டியுள்ள சுரப்பி கார்ட்டிசாலை மிகுதியாகச் சுரக்கிறது. அதனால் புரோஜெஸ்டிரோன் குறைந்து ஈஸ்ட்ரோஜன் கூடும், புரோஸ்டாகிளாண்டின் சுரந்து மஞ்சள் திரளைக் கரைக்கும், வலி தொடங்கும். நியூசிலாந்தின் லிக்கின்ஸ் என்னும் மருத்துவர் செம்மறிகளில் ஆய்ந்து 1960-களில் இதை விளக்கினார். இவ்வகை மருந்து பெற்றுக் குறைமாதத்தில் பிறந்த குட்டிகள் எதிர்பாராத வகையில் மூச்சுவிட்டன. குறைப்பிரசவ அபாயமுள்ள தாய்மாருக்கு இன்று போடப்படும் நுரையீரல் முதிர்ச்சி ஊசி அதிலிருந்து வந்ததே. பெண்களுக்கு அது வலியைத் தூண்டுவதில்லை, பசுவுக்குத் தூண்டும்!

ஆகவே கடைசி மூன்று மாதத்தில் வீக்கத்திற்கோ காய்ச்சலுக்கோ ஊசி போட வருபவரிடம் பசு சினை என்பதை முதலில் சொல்லுங்கள். டெக்சாமெத்தசோன் கலந்த ஊசி கன்றைக் குறைமாதத்தில் தள்ளிவிடக்கூடும். இதைவிட அதிகம் ஏமாறுவது பருவ ஊசியில்தான். அது புரோஸ்டாகிளாண்டின், மஞ்சள் திரளைக் கரைத்துப் பருவத்திற்குக் கொண்டுவருவது. பசு சினையாயிருந்தால் அதே ஊசி கருவைக் கலைக்கும். சினைப் பரிசோதனை செய்யாமல் அதைப் போட விடாதீர்கள். மணவூர்ப் பக்கம், "ஆடிக் கிருத்திகைக்கு முன்னே பின்னே ஊசி போட்டது" என்ற கணக்கு போதாது. கருவூட்டல் தேதியைத் தொழுவச் சுவரிலாவது எழுதிவையுங்கள்.

ஊசி ஏதுமின்றி ஐந்தாம் மாதத்திற்குமேல் கன்று வீசினால், புருசெல்லா கிருமியைச் சந்தேகிக்க வேண்டும். இது நஞ்சுக்கொடியில் பெருகி அதைப் புண்ணாக்குகிறது. நஞ்சுக்கொடி தங்கிவிடுவதும் உண்டு. மனிதருக்கும் இது தொற்றும். விழுந்த கன்றையும் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடாதீர்கள். நாய்க்கு எறியாமல் சுண்ணாம்பு இட்டு ஆழப் புதையுங்கள். பாலைக் காய்ச்சியே குடியுங்கள். வீசிய பசுவைத் தனியே கட்டி, கால்நடை மருத்துவரிடம் இரத்தப் பரிசோதனைக்குக் காட்டுங்கள். 4 முதல் 8 மாதக் கிடேரிக் கன்றுகளுக்கு ஆயுளில் ஒருமுறை போடும் தடுப்பூசி, 2019-இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இலவசம். காளைக் கன்றுக்கும் சினை மாட்டுக்கும் அதைப் போடக்கூடாது.