கைபேசிக் கட்டணக் கணக்கு

சந்தையில் நெல் கொள்வோர் படியை நோக்குவர். எண்ணெய் கொள்வோர் உழக்கை நோக்குவர். துணி கொள்வோர் அளவுகோலை நோக்குவர். அளக்கும் கருவி கண்முன் இருத்தலின் குறைவும் நிறைவும் உடனே புலப்படும். எடைக்கல்லில் அரசாங்க முத்திரை உண்டா என்று பார்த்து வாங்கும் வழக்கமும் மக்களிடம் உண்டு. கைபேசிக்குப் பணம் கட்டும் ஒருவர் வாங்கும் பொருளோ கண்ணுக்குத் தோன்றாதது, கைக்கும் பிடிபடாதது. பேசும் உரிமையும், குறுஞ்செய்தி அனுப்பும் உரிமையும், 'டேட்டா' என வழங்கும் இணையத் தரவும், இவற்றை நுகர்தற்குரிய நாள் எல்லையும் ஒரே விலையில் பிணைக்கப்பட்டு விற்கப்படுகின்றன. அவ்விலை தக்கதா தகாததா என்று துணிவதற்குக் கண் போதாது; கணக்கு வேண்டும்.

இந்தியாவில் முதல் கைபேசி உரையாடல் 1995ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள் நிகழ்ந்தது. அன்று மேற்கு வங்க முதலமைச்சராக இருந்த ஜோதி பாசு, கல்கத்தாவிலிருந்து தில்லியில் இருந்த மத்திய அமைச்சர் சுக்ராமுடன் பேசினார். அக்காலத்தில் அழைப்பவர் மட்டுமன்றி, அழைப்பை ஏற்பவரும் கட்டணம் செலுத்தவேண்டியிருந்தது. எண்ணைத் தவறாக அழுத்தியவன் எவனோ; ஆயினும் எடுத்துப் பேசியவருக்கும் செலவு! இம்முறை 2003ஆம் ஆண்டில் நீங்கியது. அதன் பின்னரும் பேச்சு நிமிடக் கணக்கிலேயே அளக்கப்பட்டது. 61 நொடி பேசியவர் இரண்டு நிமிடத்திற்குரிய பணத்தை இழந்தார். 2009ஆம் ஆண்டில் டாடா டோகோமோ நிறுவனம் நொடிக் கணக்கில் கட்டணம் வாங்கத் தொடங்கவே, ஏனையோரும் அவ்வழியே வந்தனர். அளவை சிறிதாயின் வாங்குவோர்க்கு ஆதாயம் என்பது அன்று விளங்கிற்று. 2016ஆம் ஆண்டு செப்டம்பரில் ரிலையன்ஸ் ஜியோ புகுந்தபோது, பேச்சுக்குத் தனிக் கட்டணம் என்பதே ஏறத்தாழ மறைந்து, தரவே முதன்மையான விற்பனைப் பொருளாயிற்று. அதற்கு முன் ஒரு 'ஜி.பி.' தரவின் விலை இருநூறு ரூபாய்க்கு மேற்பட்டிருந்தது. அதன்பின் சில ரூபாய் அளவிற்கு வீழ்ந்தது. வீழ்ந்த விலை அங்கேயே நின்றுவிடவில்லை. 2019, 2021, 2024 ஆகிய ஆண்டுகளில் பெரிய நிறுவனங்கள் கட்டணங்களை உயர்த்தின.

கைபேசிக் கட்டணம் இருவகைப்படும். பயன்படுத்திய பின் மாத முடிவில் செலுத்துவது ஒன்று. முன்னரே செலுத்திப் பின் பயன்படுத்துவது மற்றொன்று. பின்னதை 'பிரீபெய்டு' என்பர். அதற்குப் பணம் கட்டுதலை 'ரீசார்ஜ்' என்பர். இந்திய மக்களுள் மிகப் பெரும்பாலோர் இம்முன்கட்டண முறையையே மேற்கொண்டுள்ளனர். கட்டிய தொகைக்கு மேல் செலவு ஏறாது என்பது இதன் நலம். இதற்குக் குறிக்கும் விலையில் 18 விழுக்காடு வரியும் அடங்கியிருக்கும். 336 ரூபாய் கட்டினால் அதில் ஏறத்தாழ 51 ரூபாய் வரியே ஆகும். பின்கட்டண முறையிலோ வரி பெரும்பாலும் குறித்த விலைக்குமேல் வரும். இவ்வேற்றுமையை மறந்து இரண்டையும் ஒப்பிடுதல் பிழையாம்.

முன்கட்டண முறையில் ஓர் இடரும் உண்டு. பணம் முன்னரே பிறர் கைக்குச் சென்றுவிடுகிறது. தமிழகத்தில் மிகுந்த வாடிக்கையாளரைப் பெற்றிருந்த ஏர்செல் நிறுவனம் 2018ஆம் ஆண்டு பிப்ரவரியில் நிலைகுலைந்தது. கோபுரங்கள் வாளாவிருந்தன, கைபேசிகள் ஊமையாயின. எண்ணை மாற்றாமல் வேறு நிறுவனத்திற்குச் செல்வதற்குரிய குறியெண்ணைப் பெறமுடியாமல் மக்கள் அலுவலக வாயில்களில் திரண்டு நின்றனர். அவ்வாறு மாறிச் செல்லும் உரிமை 2011ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாடெங்கும் நடைமுறையில் உள்ளது. 1900 என்னும் எண்ணிற்குச் செய்தி அனுப்பிக் குறியெண் பெறவேண்டும். மாறும்போது பழைய நிறுவனத்தில் எஞ்சியிருக்கும் தொகையும் நாளும் கழிந்துபோம். ஆதலின் நெடுநாளைக்கு ஒருசேரப் பணம் கட்டுவோர், தம் வீட்டிலும் வேலை செய்யும் இடத்திலும் அந்நிறுவனத்தின் அலை நன்கு கிடைக்கின்றதா என்று முதலில் அறிந்துகொள்ளுதல் வேண்டும். அலை எட்டாத ஊரில் மலிவான திட்டம், நீரில்லாக் கிணற்றுக்கு வாங்கிய கயிறே.

இனி நாள் எல்லையை நோக்குக. 'மாதக் கட்டணம்' என்று கடைகளில் வழங்கும் திட்டங்கள் பல 28 நாளுக்கே உரியவை. ஓர் ஆண்டின் 365 நாளை 28 ஆல் வகுத்தால் ஈவு 13, மீதி 1. மாதந்தோறும் கட்டுவதாக எண்ணிக்கொண்டிருப்பவர் ஆண்டிற்குப் பன்னிரண்டு முறையன்று, பதின்மூன்று முறை கட்டுகின்றார். இரண்டு மூன்று நாள் குறைவுதானே என்று தோன்றும் சிறுமையில் ஒரு முழு மாதக் கட்டணம் ஒளிந்திருக்கின்றது. இதுபற்றி எழுந்த முறையீடுகளின் பயனாக, இந்தியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2022ஆம் ஆண்டு ஜனவரியில் ஓர் ஆணை பிறப்பித்தது. 30 நாள் எல்லையுடைய திட்டமும், ஒவ்வொரு மாதமும் அதே தேதியில் புதுப்பிக்கத்தக்க திட்டமும் ஒவ்வொரு நிறுவனத்திடமும் இருத்தல் வேண்டும் என்பது அவ்வாணை. திட்டங்கள் இருக்கின்றன, கேட்டு வாங்குவோர்தாம் சிலர்.

திட்டங்களை ஒப்பிடுவதற்கு எளிய வழி, விலையை நாளால் வகுத்து நாட்கூலி காண்பதுபோல் நாட்கட்டணம் காண்பதே. இது முதற்படி மட்டுமே. அடுத்து, தரவின் அளவையை அறிதல் வேண்டும். தரவின் மிகச் சிறிய கூறு 'பிட்'. எட்டுப் பிட்டுகள் ஒரு 'பைட்'. ஆயிரம் பைட்டு ஒரு கிலோபைட்டு; ஆயிரம் கிலோபைட்டு ஒரு மெகாபைட்டு; ஆயிரம் மெகாபைட்டு ஒரு கிகாபைட்டு. இக் கிகாபைட்டே 'ஜி.பி.' எனப்படுவது. தரவின் அளவைப் பைட்டிலும், அது பாயும் விரைவைப் பிட்டிலும் கூறுவது வழக்கம். நொடிக்கு ஒரு மெகாபிட்டு விரைவில் ஓடும் ஒரு காணொளி, ஒரு மணி நேரத்தில் 450 மெகாபைட்டைக் கொள்ளும். அதே காணொளியை நான்கு மெகாபிட்டுத் தெளிவில் கண்டால் 1.8 ஜி.பி. ஆகும். சிறிய திரையில் காண்பவருக்கு இவ்விரண்டிற்கும் உள்ள வேற்றுமை பெரிதாகத் தோன்றாது. தரவிலோ நான்கு மடங்கு.

'அளவற்ற தரவு' என்னும் சொல்லையும் ஆராய்ந்தே கொள்ளவேண்டும். பல திட்டங்களில் அன்றைய அளவு முடிந்தபின் விரைவு நொடிக்கு 64 கிலோபிட்டாகக் குறைக்கப்படும். அதாவது நொடிக்கு எட்டுக் கிலோபைட்டு. இரண்டு மெகாபைட்டுள்ள ஒரு நிழற்படம் வந்துசேர 250 நொடி, நான்கு நிமிடத்திற்கு மேல், ஆகும். வாய்க்கால் அடைபடவில்லை என்பது உண்மை. ஆயினும் அதில் ஒழுகும் நீர் நாற்றங்காலுக்கும் காணாது. 'அளவற்ற 5ஜி' என்பதும் அவ்வாறே. 2022ஆம் ஆண்டு அக்டோபரில் இந்தியாவில் தொடங்கப்பெற்ற அச்சேவை, அதற்குரிய கருவியும் அதற்குரிய கோபுரமும் உடையார்க்கே பயன்படும். பழைய 4ஜி கைபேசியை வைத்திருப்பவர் அதன்பொருட்டு மிகுதியாகப் பணம் கட்டுதல் வீண்.

தரவு விற்கும் முறைகளுள் இரண்டு தலைமையானவை. நாள்தோறும் இத்தனை ஜி.பி. என வரையறுத்துத் தருவது ஒன்று. திட்டக்காலம் முழுமைக்கும் இத்தனை ஜி.பி. என ஒருசேரத் தருவது மற்றொன்று. முன்னது நாள்தோறும் வாசலில் ஊற்றும் பாலை ஒக்கும். அன்று பருகாதது அன்றே கெடும். நள்ளிரவு 12 மணிக்கு மிஞ்சியது மறைந்து, புதிய அளவு பிறக்கும். பின்னது குதிரில் கொட்டிய நெல்லை ஒக்கும். வேண்டும்பொழுது வேண்டும் அளவு அள்ளிக்கொள்ளலாம். எது நல்லது என்பது திட்டத்தைப் பொறுத்ததன்று. வாங்குவோர் வாழ்க்கையைப் பொறுத்தது.

இதனை விளக்கக் காஞ்சிபுரத்தில் தறி நெய்து வாழும் ஒரு குடும்பத்தைக் கருதுக. இங்குக் கூறும் விலைகள் கணக்கின்பொருட்டுக் கொண்டவை, கடைவிலைகள் அல்ல. தந்தையிடம் ஒரு திறன்பேசியும், பாட்டியிடம் பொத்தான் உள்ள எளிய கைபேசி ஒன்றும் உள்ளன. பத்தாம் வகுப்பில் பயிலும் மகள், தந்தையின் பேசியிலேயே பாடக் காணொளிகளைக் காண்கின்றாள்.

பாட்டியின் பேசியில் இணையம் இல்லை. ஆயினும் அவர்க்காகக் கட்டப்பட்டது, சிறிது தரவும் சேர்ந்த 28 நாள் திட்டம். விலை 196 ரூபாய். நாளொன்றுக்கு 7 ரூபாய். பயன்படாத தரவிற்கும் பணம் சென்றது. கட்டாமலும் விடமுடியாது. நாள் எல்லை கடந்து சில நாளில் வரும் அழைப்பும் நின்றுபோம். வங்கியின் ஒருமுறைக் கடவுச்சொல்லும், நியாய விலைக் கடையின் செய்தியும் அவ்வெண்ணுக்கே வருவன. இத்தகையோரை எண்ணியே, பேச்சிற்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டங்களை நிறுவனங்கள் தனியே அளித்தல் வேண்டும் என்று ஒழுங்குமுறை ஆணையம் 2024ஆம் ஆண்டு டிசம்பரில் விதித்தது. சிறப்புத் திட்டங்களின் நாள் எல்லை 90 நாளிலிருந்து 365 நாள்வரை நீளலாம் என்றும் அவ்விதி இடங்கொடுத்தது. அத்தகைய 84 நாள் திட்டம் 378 ரூபாய் எனக் கொண்டால், நாளொன்றுக்கு நாலரை ரூபாய். 364 நாளுக்குப் பழைய முறையில் 2,548 ரூபாய். புதிய முறையில் 1,638 ரூபாய். பாட்டிக்கு எஞ்சுவது 910 ரூபாய்.

தந்தையின் கணக்கு இத்துணை நேரியதன்று. அவர் கட்டுவது 28 நாளுக்கு 336 ரூபாய். நாளொன்றுக்கு ஒன்றரை ஜி.பி.; ஆக 42 ஜி.பி. ஒரு ஜி.பி. 8 ரூபாயே ஆகின்றது. கடைக்காரர் காட்டிய வேறொரு திட்டத்தில், 30 நாளுக்கு 40 ஜி.பி. ஒருசேரக் கிடைக்கும், விலை 420 ரூபாய், ஒரு ஜி.பி. பத்தரை ரூபாய். முன்னதே மலிவு என்று தந்தை கொண்டார். யாரும் அவ்வாறே கொள்வர்.

ஆனால் அவ்வீட்டில் தரவு செலவாகும் விதம் வேறு. வார நாட்களில் நாளுக்கு 0.4 ஜி.பி.; சனி, ஞாயிறுகளில் மகள் நெடுநேரம் பயில்வதால் நாளுக்கு 2.5 ஜி.பி. நான்கு வாரத்தில் மொத்தச் செலவு 28 ஜி.பி. 42 ஜி.பி. கையிலிருக்க, 28 ஜி.பி.க்குப் பற்றாக்குறை நேருமோ? நேர்ந்தது. சனி, ஞாயிறு மாலைகளில் ஒன்றரை ஜி.பி. முடிந்து, பாடம் நடுவே நிற்கும். ஒவ்வொரு முறையும் 20 ரூபாய் கட்டி ஒரு ஜி.பி. கூடுதலாக வாங்கினர். எட்டு நாளுக்கு 160 ரூபாய். உண்மைச் செலவு 336 அன்று, 496 ரூபாய். வார நாட்களில் பயனின்றி மறைந்த தரவு 22 ஜி.பி.; வார இறுதியில் விலைகொடுத்து வாங்கியது 8 ஜி.பி. ஒருபுறம் பால் கெட்டுப்போக, மறுபுறம் பாலுக்குக் கடன் வாங்கிய கதை இது.

நுகர்ந்த 28 ஜி.பி.யால் வகுத்தால் ஒரு ஜி.பி.யின் மெய்விலை ஏறத்தாழ 17 ரூபாய் 71 காசு. 364 நாளுக்கு 6,448 ரூபாய். பத்தரை ரூபாய் என்று தள்ளப்பட்ட திட்டத்தில் நாட்கட்டணம் 14 ரூபாய். 364 நாளுக்கு 5,096 ரூபாயே ஆகும். விலைச்சீட்டில் உயர்ந்தது கையிருப்பில் தாழ்ந்தது. 1,352 ரூபாய் மிச்சம்.

ஒரே தொகையாக 840 ரூபாய் கட்டினால், அதே ஒன்றரை ஜி.பி. 84 நாளுக்குக் கிடைக்கும் என்று கொள்க. நாட்கட்டணம் 12 ரூபாயிலிருந்து 10 ஆகக் குறையும். வாரக்கூலி பெறும் நெசவாளர்க்கு 840 ரூபாயை ஒருநாளில் எடுத்துவைத்தல் எளிதன்று. வாரக்கூலியில் அரிசிக்கும் பாவுக்கும் முந்திய உரிமை உண்டு. எண்ணெயைச் செம்பில் வாங்க இயலாதவர் நாள்தோறும் சிறு புட்டியில் வாங்கி மிகுதியாகக் கொடுப்பதுபோல, இல்லாதவரே இங்கும் மிகுதியாகக் கொடுக்கின்றனர். இது வாங்குவோரின் அறியாமையால் வருவதன்று; கணக்குத் தெரிந்தும் தவிர்க்கவியலாதது. இதனைக் குறை கூறுவோர் விற்போரையன்றி வாங்குவோரைப் பழித்தல் முறையன்று.

தந்தை திட்டத்தை மாற்ற எண்ணியபோது, நாற்பது நாள் செலவைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருந்த மகள் வேறொரு வழி கண்டாள். வார நாட்களில் ஒவ்வோர் இரவும் 1.1 ஜி.பி. மறைகின்றது. சனிக்கிழமைக்குக் குறைவது ஒரு ஜி.பி.; ஞாயிற்றுக்கிழமைக்குக் குறைவதும் ஒரு ஜி.பி. "அப்பா, வியாழன் இரவும் வெள்ளி இரவும் மிஞ்சுவதில் பாடங்களை இறக்கி வைத்துக்கொள்கிறேன், கூடுதலாக எதுவும் வாங்க வேண்டா" என்றாள். நேரலை வகுப்புகளுக்கு இது பொருந்தாது. பேசியில் இடமும் வேண்டும். அவள் காண்பவையோ முன்னரே பதிவு செய்யப்பட்ட பாடங்கள். தேவையற்ற படங்களை நீக்கி இடத்தையும் உண்டாக்கினாள். அடுத்த 28 நாளில் அவர்கள் கட்டியது 336 ரூபாய் மட்டுமே. வியாழக்கிழமை இரவு பத்து மணிக்குத் தறி ஓசை அடங்கியதும், பேசி அவள் கைக்கு வரும்.