எந்தக் கடையில் சோறு கிடைக்கும்?

முன்பு கொல்கத்தாவில் 'பைசா ஹோட்டல்' என்று சாப்பாட்டுக் கடைகள் இருந்தன. எல்லாக் கடையிலும் ஒரே விலை. மிகவும் மலிவு. கூலி வேலை செய்பவர்கள் அங்கே சாப்பிட்டார்கள்.

மதியம் வேலை விடும். பஸ்ஸுக்குக் காசு கொடுத்தால் கட்டுப்படியாகுமா? நடந்தே போவார்கள். போன கடையில் கூட்டம் அதிகம் என்றால் சோறு கிடைக்காது. அடுத்த கடைக்குப் போனால் வேலைக்குத் திரும்ப நேரமாகிவிடும். அதனால் வெறும் வயிறுதான். "வேறு கடைக்குப் போயிருக்கலாமே!" என்று மனம் அடித்துக்கொள்ளும்.

கொல்கத்தாவில் சாஹா அணுக்கரு இயற்பியல் நிறுவனம் இருக்கிறது. அங்கே விஞ்ஞானியாக இருந்த பிகாஸ் சக்ரவர்த்தியும் உடன் வேலை செய்தவர்களும் இதை ஒரு கணக்காக ஆக்கினார்கள். 2009-இல் வெளியிட்டார்கள்.

100 பேர். 100 கடை. கடைக்கு ஒரே ஒரு சாப்பாடு. யார் எங்கே போவார் என்று யாருக்கும் தெரியாது. மனம் போன கடைக்குப் போனால் எத்தனை பேர் சாப்பிடுவார்கள்? 100 பேருமா? இல்லை. ஏறக்குறைய 63 பேர்தான். 37 பேர் பட்டினி. 37 கடையில் சோறு மீதி! ஒரு கடையில் மூன்று பேர் மோதுகிறார்கள். இன்னொரு கடைக்காரர் ஈ ஓட்டுகிறார்.

"நேற்று அந்தக் கடை காலியாமே" என்று பேச்சு வருகிறது. 37 பேரும் மறுநாள் அங்கேயே ஓடினால்? ஒருவருக்குத்தான் சோறு.

அவர்கள் ஒரு வழி சொன்னார்கள். நேற்று நீங்கள் மட்டும் வந்தீர்களா? இன்றும் அதே கடைக்குப் போங்கள். ஐந்து பேர் வந்தீர்களா? ஒவ்வொருவரும் ஐந்து சீட்டு எழுதிக் குலுக்குங்கள். ஒரு சீட்டில் 'அதே கடை'. நான்கில் 'வேறு கடை'. வந்தபடி போங்கள். எல்லாரும் இப்படிச் செய்தால் ஏறக்குறைய 80 பேர் சாப்பிடலாம். முன்பே பேசிப் பிரித்துக்கொண்டால் 100 பேருக்கும் உண்டு. ஆனால் அவ்வளவு பெரிய ஊரில் யார் பேசி வைப்பது?

தக்காளியிலும் இதே கதைதான். 2023 ஜூலையில் பல ஊர்களில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. அப்போது "நாமும் போட்டிருக்கலாமே" என்று நொந்துகொண்டவர் பலர். செப்டம்பரில் வரத்து கூடியது. விலை சரிந்தது. ஆந்திராவில் விவசாயிகள் தக்காளியைச் சாலையில் கொட்டினார்கள். நடும்முன் சந்தை விலையை எல்லாரும் விசாரிக்கிறோம். இந்த மாதம் எத்தனை பேர் நாற்று வாங்கினார்கள் என்று நாற்றுப் பண்ணையில் கேட்கிறோமா?

கணக்குப் போடுங்கள்: 10 பேர், 10 கடை. மூன்று கடைக்கு இரண்டிரண்டு பேர் போனார்கள். நான்கு கடைக்கு ஒவ்வொருவர் போனார்கள். எத்தனை பேர் சாப்பிட்டார்கள்? எத்தனை கடை காலி?