காவலர் மீதான புகார்களை நாம் பார்க்க முடியுமா?

கேள்வி: எங்கள் ஊர்க் காவலர் ஒருவர் மீது ஏற்கெனவே என்னென்ன புகார்கள் வந்தன, என்ன நடவடிக்கை எடுத்தார்கள் என்று தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாமா?
– வாசகி, திண்டுக்கல்

பதில்: தாராளமாகக் கேட்கலாம். ஆனால், கிடைப்பது எளிதல்ல. அரசு ஊழியருக்குத் தரப்பட்ட குறிப்பாணை, தண்டனை விவரங்கள் தனிப்பட்ட தகவல் என்று 2012இல் கிரீஷ் ராமச்சந்திர தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொதுநலன் பெரிதென்றால் தரலாம் என்கிறது பிரிவு 8(2). அந்தப் பொதுநலன் என்ன என்பதை மனுவிலேயே விளக்குங்கள். பெயர் குறிப்பிடாமல், ‘இந்த நிலையத்தில் 5 ஆண்டுகளில் எத்தனை புகார்கள், எத்தனை பேர் மீது துறை நடவடிக்கை?’ என்று கேட்டால் மறுப்பது கடினம். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு செய்யுங்கள்.

நிலையத்துக்குள் அத்துமீறல் நடந்திருந்தால், கண்காணிப்பு கேமரா பதிவைப் பாதுகாக்கச் சொல்லி அன்றே எழுத்துமூலம் கொடுங்கள். 2020இல் தந்தையும் மகனும் காவல் சித்திரவதையில் இறந்த வழக்கில், சாத்தான்குளம் நிலையத்தில் பதிவுகள் தினமும் தானாக அழியும்படி வைக்கப்பட்டிருந்தது விசாரணையில் தெரியவந்தது. அதே ஆண்டு டிசம்பரில், பதிவுகளை 18 மாதங்கள் வைத்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது.

காவலர் மீதான பதிவுகளை மறைக்கும் நிலை மாறவே மாறாது என்றில்லை. அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில் காவலர்களின் ஒழுங்கு நடவடிக்கைப் பதிவுகளை 1976 முதல் மறைத்துவந்த சட்டப் பிரிவை, மக்கள் போராட்டத்துக்குப் பின் 2020இல் நீக்கினார்கள். சீருடையின் அதிகாரம் மக்கள் தந்தது. அதற்கான கணக்கைக் கேட்பது நம் உரிமை. தயங்காமல் மனு போடுங்கள்.