வெடிக்காத குண்டும் மருத்துவமனைப் பதிவேடும்



இம்மாதப் பாடத்திற்கு நாங்கள் எடுத்துக்கொண்ட பொருள் கொத்துக்குண்டு. இலங்கைத் தமிழர் இதைக் கொத்தணிக் குண்டு என்பர். மருத்துவமனை மடலில் குண்டைப் பற்றிய பாடம் எதற்கு என்று உங்களில் சிலர் கேட்கலாம். அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு.

தருவைகுளத்துக் கடலுக்கு எதிர்க்கரை இலங்கை. முத்துக்குளித்த காலம் முதல் தூத்துக்குடிக் கரைக்கும் மன்னார்க் கரைக்கும் உறவு உண்டு. போர் நடந்த ஆண்டுகளில் அங்கிருந்து வந்த மக்களுக்கு நம் மாவட்டத்திலும் முகாம்கள் அமைந்தன. இது முதல் காரணம். இந்தக் குண்டுக்குத் தடை வந்ததில், அடிபட்டோருக்குச் சிகிச்சை செய்தவர்களுக்குப் பெரும் பங்கு உண்டு என்பது இரண்டாவது காரணம்.

1. கொத்துக்குண்டு என்பது யாது?

பெரிய உறை ஒன்றினுள் பத்துக்கணக்கிலோ நூற்றுக்கணக்கிலோ சிறுகுண்டுகள் அடுக்கப்பட்டிருக்கும். விமானத்திலிருந்து போட்டாலும் பீரங்கியால் எறிந்தாலும், உறை வானத்திலேயே திறந்துகொள்ளும். சிறுகுண்டுகள் பரந்த நிலப்பரப்பில் சிதறி விழும். படைவீரன் எங்கே நிற்கிறான், பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது என்ற வேறுபாடு அவற்றுக்குத் தெரியாது.

விழுந்தவை எல்லாம் வெடிப்பதுமில்லை. வயற்சேற்றில் புதைந்தவை, மரக்கிளையில் தொங்கியவை, பொறி சரியாக இயங்காதவை அப்படியே கிடக்கும். சில பந்து போலவும் சில டார்ச் விளக்கின் பேட்டரி போலவும் தோன்றும். சிலவற்றில் நாடாவும் இருக்கும். பிள்ளைகள் விளையாட்டுப் பொருள் என்று நினைத்து எடுப்பதற்கு இதுவே காரணம்.

2. போர் முடிந்த பிறகு

லாவோஸ் நாட்டின்மீது 1964 முதல் 1973 வரை அமெரிக்க விமானங்கள் போட்ட சிறுகுண்டுகள் 27 கோடிக்கு மேல். அவற்றில் ஏறக்குறைய 8 கோடி வெடிக்காமல் மண்ணில் தங்கின என்று கணக்கிடுகிறார்கள். போரைப் பார்த்திராத பேரப்பிள்ளைகளும் அங்கே கைகால் இழந்திருக்கிறார்கள்.

2006-ஆம் ஆண்டு தெற்கு லெபனானில் போரின் கடைசி 3 நாட்களில் இஸ்ரேல் பெருந்தொகையான சிறுகுண்டுகளைப் பொழிந்தது. வெடிக்காமல் கிடந்தவை 10 லட்சம் வரை இருக்கும் என்று ஐ.நா. மதிப்பிட்டது. அறுவடைக்குத் தோட்டங்களுக்குத் திரும்பிய மக்களே அதற்குப் பலியானார்கள். இந்தத் துயரமே தடைக்கான பேச்சுவார்த்தையை விரைவுபடுத்தியது.

3. வன்னியில் நடந்தது

2009 பிப்ரவரியில் புதுக்குடியிருப்பு மருத்துவமனைமீது குண்டுகள் விழுந்தன. அவை கொத்துக்குண்டுகள் என்று ஐ.நா. பேச்சாளர் முதலில் தெரிவித்தார். தன்னிடம் அவ்வகைக் குண்டுகளே இல்லை என்று இலங்கை அரசு மறுத்தது. ஐ.நா.வும் தன் கூற்றை விலக்கிக்கொண்டது.

2012-ஆம் ஆண்டு, கண்ணிவெடி அகற்றும் பணியில் இருந்த ஐ.நா. நிபுணர் ஒருவரின் மின்னஞ்சல் செய்தியாளர்களுக்குக் கிடைத்தது. புதுக்குடியிருப்புப் பகுதியில் வெடிக்காத சிறுகுண்டுகள் காணப்பட்டதாக அதில் எழுதியிருந்தது. கண்டெடுத்த பொருளைப் பழைய இரும்புக்கு விற்கலாம் என்று பிரிக்க முயன்ற ஒரு சிறுவன் அங்கே உயிரிழந்தான். அவனுடைய சகோதரி காயமடைந்தாள். 2016-ஆம் ஆண்டு பிரிட்டனின் கார்டியன் நாளிதழ், இலங்கையில் எடுக்கப்பட்ட சிறுகுண்டுகளின் படங்களை வெளியிட்டது. தாங்கள் பயன்படுத்தவில்லை என்றே இலங்கை அரசு கூறி வந்தது.

அறிக்கைகள் மாறலாம், மறுக்கப்படலாம். மண்ணில் கிடக்கும் இரும்பும் மருத்துவமனைக்கு வரும் காயமும் மாறுவதில்லை. ஆகவேதான் பார்த்ததை அன்றன்றே எழுதி வைப்பது இவ்வளவு முக்கியமாகிறது.

4. தடை எப்படி வந்தது?

1982-ஆம் ஆண்டு, தாய்லாந்து எல்லை முகாம்களில் கால் இழந்து கிடந்த கம்போடிய அகதிகளுக்குச் செயற்கைக் கால் பொருத்த, பிரெஞ்சு மருத்துவர்கள் ஒரு தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினர். ஹேண்டிகேப் இன்டர்நேஷனல் என்பது அப்போது அதன் பெயர். ஒருவருக்குக் கால் பொருத்தும்போதே வேறு பலர் கால் இழந்து வந்துகொண்டிருந்தார்கள். கால் செய்வதோடு நின்றால் போதாது, ஆயுதத்தையே நிறுத்த வேண்டும் என்று அவர்கள் கண்டார்கள். 1992-இல் தொடங்கிய கண்ணிவெடித் தடை இயக்கத்தை நிறுவிய 6 அமைப்புகளில் இதுவும் ஒன்று. அந்த இயக்கம் 1997-இல் நோபல் அமைதிப் பரிசு பெற்றது.

கொத்துக்குண்டிலும் இதே வழியே கைகொடுத்தது. கொசோவோவில் யார், எங்கே, எதனால் காயமுற்றார்கள் என்பதைச் சர்வதேசச் செஞ்சிலுவைக் குழு திரட்டி 2000-ஆம் ஆண்டு வெளியிட்டது. 2003-இல் தொண்டு அமைப்புகள் ஒன்றுகூடிக் கொத்துக்குண்டு எதிர்ப்புக் கூட்டமைப்பை ஏற்படுத்தின. 2008 மே 30 அன்று டப்ளின் நகரில் 107 நாடுகள் தடை உடன்படிக்கையை ஏற்றன. டிசம்பர் 3 அன்று ஆஸ்லோவில் கையெழுத்து தொடங்கியது. அன்றே முழுமையாக உறுதிசெய்த நான்கில் வத்திக்கானும் ஒன்று. 2010 ஆகஸ்ட் 1 முதல் அது நடைமுறைக்கு வந்தது.

5. உடன்படிக்கை கேட்பது என்ன?

* எக்காலத்திலும் இவ்வகைக் குண்டைப் பயன்படுத்தவோ, தயாரிக்கவோ, பிறருக்குக் கொடுக்கவோ கூடாது.
* கையிருப்பை 8 ஆண்டுகளில் அழிக்க வேண்டும்.
* மண்ணில் கிடப்பவற்றை 10 ஆண்டுகளில் அகற்ற வேண்டும்.
* காயமுற்றோருக்கு மருத்துவமும் மறுவாழ்வும் வருமானத்திற்கு வழியும் கிடைக்கச் செய்ய வேண்டும்.
* இவற்றையெல்லாம் ஆண்டுதோறும் அறிக்கையாகத் தர வேண்டும்.

நான்காவது கடமையை நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டும். பாதிக்கப்பட்டவர் என்ற சொல்லில் காயமுற்றவருடன் அவருடைய குடும்பமும் ஊரும் அடங்கும் என்று இந்த உடன்படிக்கை சொல்கிறது. இது எவ்வளவு பொருத்தமானது என்பதை மருத்துவமனையில் இருப்போர் அறிவர். வளரும் பிள்ளைக்கு ஏறத்தாழ ஆண்டுக்கு ஒருமுறை செயற்கைக் காலை மாற்ற வேண்டிவரும். வெட்டிய இடத்தில் எலும்பு வளர்ந்தால் மீண்டும் அறுவைச் சிகிச்சை தேவைப்படும். தாய் கூலி வேலையை விட்டுவிட்டுப் பிள்ளையோடு வந்து தங்க வேண்டும். ஒரு குண்டின் செலவு ஒரு குடும்பத்தின்மேல் பல்லாண்டு காலம் விழுகிறது.

6. யார் கண்காணிக்கிறார்கள்?

2010 முதல் ஆண்டுதோறும் 'கிளஸ்டர் மியூனிஷன் மானிட்டர்' என்ற அறிக்கை வெளிவருகிறது. அரசுகள் தரும் அறிக்கைகளையும், மருத்துவமனை, காவல்துறை, பத்திரிகை ஆகியவற்றின் பதிவுகளையும் ஒப்பிட்டு, சொன்னதைச் செய்தார்களா என்று அது பார்க்கிறது. பலன் கண்கூடு. கையிருப்பு இருப்பதாக அறிவித்த உறுப்பு நாடுகள் அனைத்தும் 2023 முடிவுக்குள் அதை அழித்துவிட்டன. அழிந்த சிறுகுண்டுகள் சுமார் 17 கோடியே 90 லட்சம்.

இலங்கை 2018 மார்ச் 1 அன்று இந்த உடன்படிக்கையில் சேர்ந்தது. 2019-இல் உறுப்பு நாடுகளின் கூட்டத்திற்குத் தலைமையும் ஏற்றது. வடக்கில் வெடிபொருள் அகற்றும் பணியில் போரில் கணவரை இழந்த தமிழ்ப் பெண்கள் பலர் மண்டியிட்டு மண்ணைக் கிளறி உழைக்கிறார்கள்.

வருந்த வேண்டியதும் உண்டு. இந்தியா, பாகிஸ்தான், சீனா, ரஷ்யா, அமெரிக்கா ஆகியவை இன்னும் சேரவில்லை. ஆனால் போரில் எஞ்சிய வெடிபொருள்களைப் பற்றிய 2003-ஆம் ஆண்டின் ஐ.நா. நெறிமுறையை இந்தியா ஏற்றுள்ளது. உக்ரைன் போரில் இரு தரப்பும் கொத்துக்குண்டுகளைப் பயன்படுத்தியுள்ளன. 2023 ஜூலையில் அமெரிக்கா உக்ரைனுக்கு அவற்றை வழங்க முன்வந்தது. 2025 மார்ச் 6 அன்று லிதுவேனியா உடன்படிக்கையிலிருந்து விலகியது. சேர்ந்த ஒரு நாடு விலகியது அதுவே முதல் முறை. கட்டிய வேலியில் ஓர் இடம் பிரிந்தால் மற்ற இடங்களையும் பார்த்துக்கொள்ள வேண்டும் அல்லவா?

7. நம் கரையில் நாம் செய்யக்கூடியது

* வலையில் அறிமுகமில்லாத இரும்புப் பொருள் சிக்கினால் தட்டவோ திருகவோ கூடாது. கரைக்குக் கொண்டுவரவும் கூடாது. ஆட்களை விலக்கிவிட்டு, இடத்தைக் குறித்துக்கொண்டு, கடலோரக் காவல் படைக்கு 1554 அல்லது கடலோரப் பாதுகாப்புக் காவல்துறைக்கு 1093 எண்ணில் தெரிவியுங்கள்.
* பழைய இரும்பு வாங்குவோருக்கும் பொறுக்கும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுங்கள்.
* வெடிவிபத்தில் காயமுற்றவரை மருத்துவமனைக்குக் கொண்டுவரும்போது, எங்கே, எப்போது, எந்தப் பொருளால் என்பதைத் தவறாமல் சொல்லுங்கள். எழுத்தர் அவசரத்தில் "விபத்து" என்று மட்டும் எழுதினால் அந்தக் காயம் எந்தக் கணக்கிலும் சேராது.

சிந்திக்க

1. போர் முடிந்துவிட்டது என்று எப்போது சொல்லலாம்?
2. நம் ஊரில் செயற்கைக் கால் அணிந்தோர் யார் யார்? அவர்களுடைய பிழைப்புக்கு நாம் செய்தது என்ன?
3. இந்தியாவும் இந்த உடன்படிக்கையில் சேர வேண்டும் என்று நம் நாடாளுமன்ற உறுப்பினருக்கு ஒரு கடிதம் எழுதினால் அதில் எந்தக் காரணத்தை முதலில் சொல்வோம்?

நீங்கள் தரும் உதவி ஒருவரை எழுந்து நடக்க வைக்கிறது. அவருக்கு நேர்ந்ததை முறையாகப் பதிந்து வைத்தால், இன்னொருவர் விழாமல் இருக்கவும் அது உதவும்.