வெங்காயத்துக்கும் கதிர்வீச்சு

கதிர்வீச்சு என்றாலே நமக்கெல்லாம் ஹிரோஷிமாவும் எக்ஸ்ரே ரூமும்தான் ஞாபகம் வரும். அதே கதிரைச் செலுத்தி வெங்காயம் முளைக்காமல் காப்பாற்றுகிறார்கள் என்றால் நம்புவீர்களா நண்பர்களே? நாசிக் மாவட்டத்து லாசல்கான் பெரிய வெங்காயச் சந்தை. பாபா அணு ஆராய்ச்சி மையம் 2002-ல் அங்கே 'க்ருஷக்' என்ற நிலையத்தை இதற்காகவே அமைத்தது. வெங்காயம், உருளைக்கிழங்கு, மசாலாப் பொருட்களுக்கு மத்திய அரசு 1994-லேயே அனுமதி கொடுத்துவிட்டது.

மெக்கானிக்கல் படிக்கும் எனக்கு அதன் அமைப்புதான் முதலில் பிடித்தது. தடித்த கான்கிரீட் சுவர் வைத்த அறை. உள்ளே கோபால்ட்-60. வேலை இல்லாத நேரத்தில் அதை ஆழமான தண்ணீர்த் தொட்டிக்குள் இறக்கிவிடுவார்கள். வேலை நேரத்தில் மேலே ஏற்றினால், சரக்கு அதைச் சுற்றி வரும். வெளிவரும் காமா கதிர் வெங்காயத்தின் நடுக்குருத்தில் உள்ள செல்களின் டி.என்.ஏ.வை உடைக்கிறது. செல் பெருகாது, முளையும் வராது. இதற்குச் சுமார் 60 கிரே போதும். மிளகாய்த்தூளில் கிருமியைக் கொல்ல ஆயிரக்கணக்கான கிரே வேண்டும். 10,000 கிரே கொடுத்தாலும் தண்ணீரின் சூடு 2.4 டிகிரிதான் ஏறும் என்பது எனக்கே ஆச்சரியம்!

"அப்ப அந்த வெங்காயமே கதிர் வீசாதாடா?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். வீசாது. வெயிலில் காய்ந்த பனியன் ராத்திரியில் வெளிச்சம் விடுகிறதா? உணவில் உள்ள அணுக்கருவை மாற்றும் அளவுக்கு கோபால்ட் கதிருக்குச் சக்தி கிடையாது. 10,000 கிரே வரை கெடுதல் இல்லை என்று உலக சுகாதார நிறுவனமும் சேர்ந்த நிபுணர் குழு 1980-ல் சொன்னது.

அதற்காகக் குறையே இல்லை என்று சொல்ல மாட்டேன். வைட்டமின் பி1 கொஞ்சம் குறையும். கொழுப்புள்ள பண்டத்தில் வாடை வரும். பூஞ்சணம் ஏற்கெனவே கக்கிவிட்ட விஷம் போகாது. கெட்ட சரக்கைக் கதிரில் காட்டி நல்லதாக்க முடியாது. ஆகவே பாக்கெட்டில் பச்சை வட்ட முத்திரை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவது நம் உரிமை.

பெரிய பயம் கோபால்ட்டைக் கையாள்வதில்தான். 2010-ல் டெல்லிப் பல்கலைக்கழகத்தின் பழைய ஆய்வுக் கருவி ஒன்று காயலான் சரக்காக மாயாபுரிக்குப் போனது. அதைப் பிரித்ததில் ஒரு தொழிலாளி இறந்தார். அது உணவுக்கான கருவி அல்ல. ஆனால் உள்ளே இருந்தது இதே கோபால்ட்-60.

நம்ம பக்கத்துக் கதை வேறு. பல்லடம் பக்கம் எங்க அப்பிச்சி சின்ன வெங்காயம் போடுபவர். விலை இறங்கினால் பட்டறை போட்டுக் காத்திருப்பார். விலை ஏறுவதற்குள் கொஞ்சம் முளைக்கும், கொஞ்சம் அழுகும். அப்படி இரண்டு வருஷம் போன பிறகுதான் அம்மா பனியன் கம்பெனிக்குச் செக்கிங் வேலைக்குப் போனார். கதிர் முளைப்பைத்தான் நிறுத்தும், ஈரத்தால் வரும் அழுகலை அல்ல. காயவைப்பதும் காற்றோட்டமான பட்டறையும் அப்போதும் வேண்டும். அறுவடையான சில வாரங்களுக்குள் கதிர் கொடுத்தாக வேண்டும். லாசல்கானோ ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால். இன்னொன்று, நாம் நடுவதும் அதே காயைத்தான். அதனால் அடுத்த பட்டத்துக்கான விதைக்காயை முதலிலேயே தனியாக எடுத்து வைத்துவிட வேண்டும். கதிர் பட்ட காயை நட்டால் முளைக்காது.