பழைய டிராக்டர்: பழுது பார்ப்பதா, மாற்றுவதா?



புரட்டாசியில் சேற்றுழவு மும்முரமாக நடக்கும்போது பழைய டிராக்டர் வயலில் நின்றுவிட்டால் இரண்டு எண்ணங்களே தோன்றும். "எவ்வளவு ஆனாலும் சரி, இன்று மாலைக்குள் ஓட வேண்டும்" என்று மெக்கானிக்கிடம் சொல்வது ஒன்று. "இந்தச் சனியனைத் தள்ளிவிட்டுப் புதிது எடுத்துவிட வேண்டும்" என்பது மற்றொன்று. இரண்டும் ஆத்திரத்தில் எடுக்கும் முடிவுகள். முதலாவதில் ஒரே வேலைக்கு இரண்டு முறை பணம் போகும். இரண்டாவதில் நிலப் பத்திரம் ஐந்து, ஆறு ஆண்டுகளுக்கு வங்கியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

திருவள்ளூர் மாவட்டத்தில் சொர்ணவாரி, சம்பா, நவரை என மூன்று பட்டங்களிலும் நெல் பயிராவதால் டிராக்டருக்கு ஓய்வு குறைவு. நவரை நடவு முடிந்த தை இறுதி முதல் பங்குனி வரையிலான இடைவெளியில்தான் வண்டியைப் பிரித்துப் பார்க்க முடியும். ஆகவே இந்த முடிவை எடுக்க வேண்டிய மாதம் மாசி. பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டைப் பகுதி உழவர்கள் இதை நினைவில் கொள்வது நலம்.

வண்டியின் உண்மையான வயது

டிராக்டரின் ஆயுளை 10 ஆண்டுகள் அல்லது 10,000 மணி நேரம் என்று கொள்வது பொறியியல் கணக்குகளில் வழக்கம். ஆண்டுக்கு 1,000 மணி ஓடும் வண்டிக்கு இது பொருந்தும். நான்கு ஏக்கர் சொந்த நிலமும் அக்கம்பக்கத்தில் கொஞ்சம் வாடகை உழவும் உள்ளவரின் வண்டி ஆண்டுக்கு 300 மணி ஓடினாலே அதிகம். அந்த வண்டி 15 ஆண்டுகளில் 4,500 மணியே ஓடியிருக்கும். பெயிண்ட் உதிர்ந்து மட்கார்டு துருப்பிடித்திருந்தாலும் அதன் எஞ்சின் நடுவயதில்தான் இருக்கிறது.

மணி மீட்டர் வேலை செய்யவில்லையா? பல வண்டிகளில் அதன் கேபிள் அறுந்தே கிடக்கிறது. அப்படியானால் ஆண்டு முழுவதற்கும் வாங்கிய டீசலைக் கூட்டி 3.5 ஆல் வகுத்துப் பாருங்கள். 35 குதிரைத்திறன் வண்டி நடுத்தர வேலையில் மணிக்கு 3 முதல் 4 லிட்டர் வரை குடிக்கும் என்பதால் ஏறக்குறைய சரியான விடை கிடைக்கும்.

இந்தப் பகுதிக்கு உரிய ஒரு விஷயத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இங்கே பல டிராக்டர்கள் வயலை விட்டு ஏறியதும் டிரெய்லர் மாட்டிக்கொண்டு செங்கல், ஜல்லி, எம் சாண்டு என்று இழுக்கின்றன. அந்தப் புழுதி, ஏர் கிளீனரையும் எஞ்சினையும் இணைக்கும் ரப்பர்க் குழாயின் சிறு வெடிப்பு வழியாகப் போனால் போதும். பத்து ஆண்டுத் தேய்மானத்தை ஒரே கோடையில் உண்டாக்கிவிடும். சாலை ஓட்டம் மிகுந்த வண்டியை மணிக்கணக்கை மட்டும் கொண்டு எடை போடக் கூடாது.

என்ன கெட்டிருக்கிறது?

டிராக்டரை எஞ்சின், கியர் பெட்டியும் பின் அச்சும், ஹைட்ராலிக் என்று மூன்று பகுதிகளாகப் பிரித்துப் பாருங்கள். ஒரு பகுதி மட்டும் கெட்டிருந்தால் பெரும்பாலும் பழுது பார்ப்பதே சரி. இரண்டு பகுதிகள் ஒருசேரத் தளர்ந்திருந்தால் விற்பதைப் பற்றி யோசிக்க வேண்டும். டயர், பேட்டரி, கிளட்ச் தட்டு ஆகியவை இந்தக் கணக்கில் வரவே கூடாது. அவை புது வண்டியிலும் தேயும். டயர் வாங்கப் பணம் இல்லாத கோபத்தில் நல்ல எஞ்சினை விற்றவர்கள் நம் ஊர்களில் உண்டு.

எஞ்சினை அறியப் புகையே முதல் சாட்சி. கறுப்புப் புகை வந்தால் உடனே 'எஞ்சின் போய்விட்டது' என்று நம்பிவிடாதீர்கள். ஏர் கிளீனர் அடைப்பு, நாசில் கோளாறு, அளவுக்கு மீறிய பாரம் இவையே பெரும்பாலும் காரணம். நாசிலையும் டீசல் பம்பையும் சோதனை மேடையில் வைத்துச் சரிசெய்தால் போதும். நீலப் புகை அப்படியல்ல. எண்ணெய் உள்ளே எரிகிறது என்று பொருள். பிஸ்டன் ரிங், லைனர், வால்வு கைடு தேய்ந்திருக்கலாம். எஞ்சின் சூடேறிய பின்னும் வெள்ளைப் புகை நிற்காமல் வந்து, ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தால், ஹெட் கேஸ்கெட்டையோ வெடிப்பையோ தேட வேண்டும்.

எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து, எஞ்சினை ஓட விட்டுப் பாருங்கள். புகை குபுகுபுவென்று மூச்சு விடுவதுபோல் வந்தால் ரிங்குகளைத் தாண்டிக் காற்று கீழே இறங்குகிறது. நன்கு சூடான பிறகு எண்ணெய் அழுத்தம் விழுந்தால் பேரிங்குகள் தேய்ந்துள்ளன. இவற்றோடு கம்ப்ரஷன் சோதனையும் செய்துவிட்டால் 'ஆஃப் எஞ்சின்' வேலை போதுமா, முழு வேலை தேவையா என்பது தெரிந்துவிடும்.

முழு வேலைக்கு ஒப்புக்கொள்ளும் முன் ஒரு கேள்வியை அவசியம் கேளுங்கள்: கிராங்க் ஷாப்ட் இதுவரை எத்தனை முறை கடையப்பட்டிருக்கிறது? ஒவ்வொரு முறையும் 10 தௌ, 20 தௌ, 30 தௌ என்று அது மெலிகிறது. தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கடைசி அளவுவரை கடைந்தாகிவிட்ட கிராங்கை மறுபடி கடைய முடியாது, புதிதுதான் போட வேண்டும். அப்போது செலவு வேறு கணக்குக்குப் போய்விடும்.

கியர் பெட்டி எண்ணெயைச் சிறிது வடித்துப் பாருங்கள். பால் கலந்த தேநீர்போல் இருந்தால் சேற்றுழவில் தண்ணீர் உள்ளே இறங்கியிருக்கிறது. கேஜ் வீல் போட்டு ஆழமான சேற்றில் ஓடும் வண்டிகளில் இது அடிக்கடி நேர்கிறது. உடனே சீல்களையும் எண்ணெயையும் மாற்றினால் சிறு செலவோடு போகும். அப்படியே இரண்டு பட்டம் ஓட்டியிருந்தால் பேரிங்கும் பற்சக்கரமும் அரித்திருக்கும். பாரத்தில் கியர் தானாக விலகுவது, பின் அச்சில் ஊளைச் சத்தம், வார்ப்பு உறையில் வெடிப்பு ஆகியவை நல்ல அறிகுறிகள் அல்ல. ஹைட்ராலிக் அவ்வளவு பயப்பட வேண்டியதில்லை. எஞ்சினை நிறுத்தியதும் கலப்பை இறங்கினால் சீலைப் பாருங்கள், சூடானதும் தூக்க மறுத்தால் பம்பைப் பாருங்கள்.

உதிரிபாகம் கிடைப்பதும் முடிவில் பாதி. மாஸ்ஸி பெர்குசன் வண்டி வைத்திருப்பவர்க்கு இங்கே கவலை குறைவு. அதைத் தயாரிக்கும் டாஃபே நிறுவனம் 1960 இல் சென்னையில் நிறுவப்பட்டது, அவ்வண்டிகள் பலவற்றில் உள்ள சிம்ப்சன் எஞ்சினும் சென்னையில் உருவானதே. மாறாக, பிஞ்சூரில் இருந்த எச்.எம்.டி. டிராக்டர் பிரிவை மூட மத்திய அரசு 2016 இல் முடிவு செய்தது. அத்தகைய வண்டியில் பெருஞ்செலவு செய்யுமுன், தேவையான பாகங்கள் கடையில் இருக்கின்றனவா என்று கண்ணால் பார்த்துவிட வேண்டும்.

கணக்கு

ஏற்கெனவே போட்ட பணத்தை மறந்துவிடுங்கள். "போன வருடம்தான் நாற்பதாயிரம் செலவழித்தேன்" என்பது வைத்துக்கொள்வதற்கும் காரணம் அல்ல, விற்பதற்கும் காரணம் அல்ல. இனிமேல் ஒரு மணி நேர ஓட்டத்துக்கு என்ன செலவாகும் என்பதே கேள்வி. கீழே உள்ள தொகைகள் எடுத்துக்காட்டுக்காக மட்டுமே. உங்கள் தொகைகளைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

பழைய வண்டியை இன்று விற்றால் ரூ.1,50,000 வரும், முழு எஞ்சின் வேலைக்கு ரூ.1,00,000 ஆகும் என்று கொள்வோம். ஆக அதில் நாம் முடக்குவது ரூ.2,50,000. ஐந்து ஆண்டுக்குப் பின் ரூ.1,00,000 க்கு விற்போம் என்றால் ஆண்டுத் தேய்மானம் ரூ.30,000. 10 சதவீத வட்டி, சராசரி முதலுக்கு, ரூ.17,500. காப்பீடு முதலியவை ரூ.5,000. மற்ற பழுதுகள் ரூ.25,000. புது வண்டியைவிட மணிக்கு அரை லிட்டர் டீசல் கூடுதல் என்றால், லிட்டர் ரூ.92 வீதம் 300 மணிக்கு ரூ.13,800. பட்டத்தின் நடுவே மூன்று நாள் நின்றுபோனால் 24 மணி வாடகை போகும். மணிக்கு நிகரமாக ரூ.400 என்றால் ரூ.9,600. மொத்தம் ரூ.1,00,900. மணிக்கு ரூ.336.

புது வண்டி ரூ.7,00,000. பத்து ஆண்டு கழித்து ரூ.2,10,000 கிடைக்கும் என்றால் தேய்மானம் ரூ.49,000, வட்டி ரூ.45,500, காப்பீடு முதலியவை ரூ.10,000, பழுது ரூ.15,000. மொத்தம் ரூ.1,19,500. அதே 300 மணிக்கு, மணிக்கு ரூ.398.

ஆண்டுக்கு 800 மணி ஓட்டுபவர்க்கு நிலைமை தலைகீழாகிறது. எஞ்சின் வேலை மூன்று ஆண்டே தாங்கும், நிற்கும் நாள் எட்டாகும், சில்லறைப் பழுது ரூ.65,000 ஆகும் என்று போட்டால் பழைய வண்டி மணிக்கு ரூ.250 ஆகிறது. புது வண்டியின் கடைசி விலையை ரூ.1,50,000 ஆகக் குறைத்து, பழுதை ரூ.40,000 ஆகக் கூட்டினாலும் மணிக்கு ரூ.184 தான். இவர் தயங்காமல் மாற்றலாம். ஆண்டுக்கு 100 மணியே ஓட்டுபவர் புது வண்டி வாங்கினால் மணிக்கு ரூ.1,000 க்கு மேல் ஆகிவிடும். அவர் பழைய வண்டியையும் விற்றுவிட்டு, வேளாண்மைப் பொறியியல் துறையிலோ ஊரிலோ வாடகைக்கு எடுப்பதே மேல். பக்கத்து வீட்டார் என்ன சொல்வார்கள் என்பதற்குக் கணக்கில் இடம் இல்லை.

இன்னொன்று: மேற்சொன்ன செலவு வேறு, கையில் இருந்து போகும் பணம் வேறு. ரூ.5,50,000 கடனை 10 சதவீத வட்டியில் ஐந்து ஆண்டுகளில் அடைக்க, அரையாண்டுத் தவணை ஏறக்குறைய ரூ.71,000 வரும். 300 மணிதான் ஓட்டம் என்றால் தவணைக்கு மட்டும் மணிக்கு ரூ.475 எடுத்து வைக்க வேண்டும். டீசலும் டிரைவர் கூலியும் அதற்கு மேல். ஒரு வடகிழக்குப் பருவமழை பொய்த்தாலும், அல்லது ஆரணியாற்று வெள்ளத்தில் நாற்று போனாலும், வங்கி தவணையைத் தள்ளிப்போடும் என்று எதிர்பார்க்காதீர்கள்.

2025 செப்டம்பர் 22 முதல் டிராக்டர் மீதான ஜி.எஸ்.டி. 12 லிருந்து 5 சதவீதமாகவும், டிராக்டர் டயருக்கும் பல உதிரிபாகங்களுக்கும் 18 லிருந்து 5 சதவீதமாகவும் குறைக்கப்பட்டது. அதற்கு முன் வாங்கிய விலைப்பட்டியலை வைத்துக் கணக்குப் போட வேண்டாம். 2023 ஜனவரி முதல் 50 குதிரைத்திறனுக்கு மேற்பட்ட புது வண்டிகளுக்குக் கடுமையான புகை விதி வந்ததால் அவற்றின் டீசல் அமைப்பில் மின்னணுக் கருவிகள் சேர்ந்துள்ளன. உள்ளூர்ப் பட்டறையில் அவற்றைச் சரிபார்ப்பது கடினம். மானியம் உண்டென்று கேள்விப்பட்டால் வேளாண்மைப் பொறியியல் துறை அலுவலகத்தில் விசாரியுங்கள். ஆணை கைக்கு வரும்வரை அதை விலையிலிருந்து கழிக்காதீர்கள்.

விற்பதென்றால்

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கும் ஆலைகள் உள்ளதால் பழைய இரும்புத் தரகர்கள் வீட்டு வாசலுக்கே வருவார்கள். 35 குதிரைத்திறன் வண்டி ஏறக்குறைய 1.7 டன் எடை. இரும்பு விலைக்கு வாங்கி, ஓடும் வண்டியாகவே வேறு மாவட்டத்தில் விற்றுவிடுவதும் நடக்கிறது. ஓடும் வண்டியை எடைக்குப் போடாதீர்கள். உண்மையாகவே உடைக்கக் கொடுத்தால் 14 நாட்களுக்குள் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும். ஓட்டுவதற்கு விற்றால் பெயர் மாற்றம் முடியும்வரை விடாதீர்கள். பதிவேட்டில் யார் பெயர் உள்ளதோ அவரே விபத்து இழப்பீட்டுக்குப் பொறுப்பு என்று 2018 இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துள்ளது. பல ஆண்டுகளுக்கு முன் விற்ற வண்டிக்காக நீதிமன்றப் படி ஏறும் நிலை வரலாம்.

வைத்துக்கொள்வதென்றால், பதிவு 15 ஆண்டு முடிந்ததும் புதுப்பிக்க வேண்டும் என்பதை மறவாதீர்கள். பட்டறையில் கழற்றிய பழைய பாகங்களைக் கேட்டு வாங்குங்கள். கிராங்க் எந்த அளவுக்குக் கடையப்பட்டது, எந்த அளவு பேரிங் போடப்பட்டது என்பதைப் பில்லில் எழுதச் சொல்லுங்கள். அடுத்த முறை இந்தக் கேள்வி எழும்போது அந்தத் தாள்தான் பதில் சொல்லும். வேலை முடிந்த வண்டியை முதல் 50 மணி நேரம் இலேசான வேலையில் மட்டும் ஓட்டி, பிறகு எஞ்சின் எண்ணெயையும் பில்டரையும் மாற்றி, ஹெட் போல்ட்டுகளையும் வால்வு இடைவெளியையும் மெக்கானிக்கைக் கொண்டு சரிபார்த்த பின்னரே கேஜ் வீல் மாட்ட வேண்டும். மாசியில் வேலை முடித்தால் சொர்ணவாரி உழவுக்குள் இதற்குப் போதிய நாள் இருக்கும்.