அயல்நாட்டில் கடலுயிரியல் கல்வியும் அயலார் இல்ல வாழ்வும்

கோவிலூருக்குக் கடல் இல்லை. சிவகங்கை மாவட்டத்துக்கே கடற்கரை இல்லை. ஆயினும் கடல் நமக்குப் புதிதன்று. இம்மண்ணின் வணிகர்கள் கப்பலேறி இரங்கூனுக்கும் பினாங்குக்கும் சென்றவர்கள். அங்கே அவர்கள் கிட்டங்கிகளில் தங்கினர். நம்மவர் சூழ, நம் சமையலுண்டு, நம் மொழி பேசி வாழ்ந்தனர். அவர்கள் கடலைக் கடந்தார்கள், கடலைப் படிக்கவில்லை. இன்று கடலைப் படிக்கவே அயல்நாடு செல்லும் மாணவருக்குக் கிட்டங்கி இல்லை. முன்பின் அறியாத ஒரு குடும்பத்தின் வீட்டில் ஓர் அறையே அவருக்கு இருப்பிடமாகிறது. ஆகவே அவர் ஒரே காலத்தில் இரு பாடங்களைக் கற்க வேண்டும். ஒன்று கடல், மற்றொன்று அந்த வீடு.

முன்னோடி ஒருவர்

சென்னையில் விலங்கியல் பயின்ற என். கே. பணிக்கர் இங்கிலாந்து சென்று, பிளிமத் நகரக் கடலுயிரியல் ஆய்வுக்கூடத்தில் ஆய்வு செய்தார். அது இரண்டாம் உலகப் போர்க்காலம். அவர் 1941-இல் வெளியிட்ட ஆய்வு இறால்களைப் பற்றியது. கழிமுகங்களில் நீரின் உப்பளவு ஓதத்துக்கு ஏற்ப மாறிக்கொண்டே இருக்கும். அங்கு வாழும் இறாலோ தன் குருதியின் உப்பளவைப் பெரிதும் மாறாமல் காக்கிறது. வெளிநீரில் உப்பு மிகும்போது மிகையை வெளியேற்றுகிறது. குறையும்போது உப்பை உள்ளே இழுத்துக்கொள்கிறது. இச்சமநிலை இலவசமாகக் கிடைப்பதன்று. இதற்கு ஆற்றல் செலவாகிறது.

பணிக்கர் தாயகம் திரும்பி மண்டபத்து மத்திய கடல்மீன் ஆராய்ச்சி நிலையத்தின் இயக்குநராகவும், 1966-இல் தொடங்கப்பட்ட தேசியக் கடலாய்வு நிறுவனத்தின் முதல் இயக்குநராகவும் பணியாற்றினார். அவர் ஆராய்ந்த இறாலே நம் மாணவருக்கு நல்லாசான் எனலாம். அயல்நீரில் வாழவும் வேண்டும். தன் உப்பை இழக்கவும் கூடாது.

ஓதமும் உணவு நேரமும்

நம் பாக் விரிகுடாவில் கடல் ஏறி இறங்கும் அளவு ஒரு மீட்டருக்கும் குறைவு. பிளிமத்திலோ அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் அது சுமார் ஐந்து மீட்டர். நீர் வற்றியதும் வெளிப்படும் பாறைகளே அங்கு மாணவரின் வகுப்பறை. சதுரச் சட்டத்தைப் பாறைமேல் வைத்து, அதனுள் அகப்படும் சிப்பிகளையும் நத்தைகளையும் பாசிகளையும் எண்ணிக் குறிக்க வேண்டும். நீர் திரும்புமுன் வேலை முடிய வேண்டும்.

கடல் வற்றும் நேரம் நாள்தோறும் ஏறத்தாழ ஐம்பது நிமிடம் தள்ளிப்போகும். இன்று நண்பகலில் வற்றினால் ஒரு வாரத்தில் அது மாலை ஆறு மணியை நெருங்கிவிடும். பல ஆங்கில வீடுகளில் அதுவே இரவு உணவு நேரம்! குடும்பத்தார் மேசையில் காத்திருக்க, மாணவர் பாறையில் நின்றால் மனத்தாங்கல் வராதா? ஓத அட்டவணை முன்கூட்டியே அச்சாகிக் கிடைக்கிறது. வாரத் தொடக்கத்திலேயே அதன் படியொன்றை வீட்டம்மாவிடம் கொடுத்து, தாமதமாகும் நாட்களைக் குறித்துக் காட்டுவது நன்று. பாதிப் பிணக்கு அதிலேயே தீரும்.

இல்லத்து ஒழுங்கு

வள்ளுவர் விருந்தோம்பலுக்கு ஓர் அதிகாரம் வகுத்தார். விருந்தாளிக்கும் சில விதிகள் உண்டு. சேறு படிந்த காலணி வாசலோடு நிற்க வேண்டும். சேகரித்த உயிரிகளுக்கு வீட்டுக் குளிர்பெட்டியில் இடமில்லை. ஃபார்மலின் நஞ்சாதலால் அது ஆய்வுக்கூடத்தை விட்டு வெளியே வரவே கூடாது.

உண்ணாத உணவை முதல் நாளே கூறிவிட வேண்டும். கூச்சத்தால் ‘எதுவும் சரி’ என்று சொல்லிப் பின்னர்த் தட்டில் மிச்சம் வைப்பது பண்பன்று. மீனை இறைச்சியோடு சேர்த்து எண்ணாதவர்களும் அங்கு உண்டு; ஆதலின் சைவர் மீனையும் பெயர் சொல்லி விலக்க வேண்டும். நம் வீடுகளில் தாய்க்கு நன்றி சொல்வதில்லை. சொன்னால் அந்நியமாகத் தோன்றும். அங்கோ ஒரு குவளைத் தேநீருக்கும் நன்றி சொல்லாதவர் முரடர் எனப்படுவார்.

வாடகை, உணவு, வெந்நீர், விருந்தினர் வருகை ஆகியவற்றைப் பற்றி முன்னரே எழுத்தில் பேசிக்கொள்வது இருவர்க்கும் நலம். அந்த வீடு பாதுகாப்பாகத் தோன்றாவிடில் பொறுத்துக்கொண்டிருத்தல் வேண்டா; பல்கலைக்கழகத்தின் மாணவர் நலப் பிரிவை உடனே அணுக வேண்டும். மகளை அனுப்பத் தயங்கும் பெற்றோர் முதலில் அறிய வேண்டியது இதுவே.

புறப்படுமுன்

பொருள் இல்லையே என்று மலைப்பவர்க்கு 1959-இல் தொடங்கிய காமன்வெல்த் உதவித்தொகையும், ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகையும் உள்ளன. ஆனால் அயல்கடலைப் படிக்குமுன் நம் கடலை அறிந்திருத்தல் வேண்டும். தேவகோட்டை, திருவாடானை வழியே சென்றால் தொண்டி. அழகப்பா பல்கலைக்கழகத்தின் கடலியல் துறை அங்குதான் உள்ளது. பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடலுயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளைச் சூழ்ந்த கடல்சார் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்தது. பாக் விரிகுடாவில் 448 சதுர கிலோமீட்டர் பரப்பு 2022-இல் கடற்பசுப் பாதுகாப்பகமாக அறிவிக்கப்பட்டது. கடற்பசு மேயும் கடற்புல் வெளிகளை அளக்கவும் காக்கவும் பயின்ற கைகள் வேண்டும்.

மாணவர்களே! பிளிமத்துப் பாறையில் நீங்கள் கற்கும் எண்ணும் முறை தொண்டிக் கடற்புல்லுக்கும் பயன்படும். அயலார் இல்லத்தில் கற்கும் பொறுமையோ, நாளை மீனவர் வீட்டுத் திண்ணையில் அமர்ந்து அவர் சொல்வதைக் கேட்டுக் குறிக்கும்போது பயன்படும். சென்று கற்று வாருங்கள்.